பொய் நரம்பு

முதலில் குளவி என்றுதான் எண்ணினார்கள்.
காயாப்பாஸ் ஆற்றின் படகுத்துறையில்
பெட்ரோல் பீப்பாய்கள்மேல் படர்ந்த கொடியில்
மஞ்சளும் கறுப்புமாய்,
ஒடிந்துவிடும்போல் இடுப்பு மெலிந்து,
முன்கால் இரண்டையும் தூக்கி
உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது.
வாழைத்தார் ஏற்றிய பையன்கள்
தார்களை அப்படியே போட்டுவிட்டு விலகினார்கள்.

யாதிரா எஸ்துப்பிஞான் விலகவில்லை.
அவள் பார்த்தது சிறகை.
நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.
மற்ற இரண்டும் தேய்ந்து தேய்ந்து
குண்டூசித் தலைகளாய்
விலாவில் துடித்தன.

ஈ.

ஈயடிச்சான் காப்பி என்று
எழுத்தரைத்தான் கேலி செய்வோம்.
இங்கே காப்பி அடித்தது ஈயே.
வரி வரியாய் எல்லாம் எழுதி
கடைசிக் கேள்வியை,
கொடுக்கை,
வெறுமையாய் விட்டுவிட்டது.
தேன் குடிக்கும் ஈ; ஆனால் தேனீ இல்லை.
சொல்லிப் பார்த்தால் நாக்கு சிக்கும்.
அதன் நாக்கு சிக்கவில்லை,
வலை விழும்வரை.

ஒன்பது மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும்.
அதற்குள் பெயர் தெரிய வேண்டும்.
உருப்பெருக்கியின் கீழே ஊசியில் ஈ,
பக்கத்தில் எண்ணிட்ட கேள்விகளின் புத்தகம்,
அதன் அட்டையில் எறும்பு அரித்த ஓட்டை.

சிறகின் நடுவே பொய் நரம்பு உண்டா?
உண்டென்றால் ஏழுக்குப் போ.

உண்டு.
எதிலிருந்தும் புறப்படாமல்
எதிலும் போய்ச் சேராமல்
சும்மா ஒரு மடிப்பு.
அது இருந்தால்தான் இந்தக் குடும்பமாம்.
"எங்க குடும்பத்துலயும் அப்படி ஒருத்தர் இருக்கார்"
என்றாள், டீசல் கேனோடு வாசலில் நின்ற
மச்சான் அடெல்மோவைப் பார்க்காமலே.

ஏழு. பன்னிரண்டு. பத்தொன்பது.
முகம் மூக்குப்போல் நீண்டதா? நீண்டது.
வயிற்றின் அடியில் பொன் மயிர்? கொஞ்சம்.
இருபத்துமூன்றில் பாதை பிரிந்தது:
ஆணுக்குப் பின்தொடையில் முள்.
பெண்: தெரியவில்லை.

தெரியவில்லை என்றே அச்சடித்திருந்தது.
யாரோ, எங்கோ, மேசை விளக்கின் கீழ்
நேர்மையாக எழுதிய ஒரு சொல்.

ஆணின் கண்கள் உச்சியில் ஒட்டிக்கொள்ளும்.
இதன் கண்களுக்கு நடுவே
ஒரு சந்து, மழை நீலத்தில்.
திரும்பவும் பார்த்தாள்.
சந்து சந்தாகவே இருந்தது.

பிறகு ஏனோ, எந்தக் கேள்வியும் கேட்காதபோது,
ஊசி முனையால் அதன் நாக்கை நீட்டினாள்.
உடம்பில் பாதி நீளம்.
நுனியில் பொடி,
வெள்ளை.

கொடியின் மகரந்தம் ஆரஞ்சு.
அவள் சட்டைக் கையில் இன்னும் இருக்கிறது கறை.

அப்படியானால்
படகுத்துறைக்கு வருமுன்
வேறெங்கோ ஒரு வெள்ளைப் பூவில்
காலை உணவு.

விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது.
கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
லேபிள் எழுதினாள்:

எஸ்மெரால்டாஸ். காயாப்பாஸ் ஆறு, படகுத்துறை.
மார்ச் 11. கொடிப்பூவில்.
பிடித்தவர்: யா. எஸ்துப்பிஞான்.
பெயர்:

அந்த இடத்தில் பென்சிலால்,
அளவுக்கு மீறிச் சின்னதாய்:
வெள்ளை. எங்கே?

மூன்று நாள் தேடினாள்.
முதல் நாள் ஆற்றுக்கு மேலே, ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் கொய்யாத் தோப்பில்
நிஜக் குளவியே கொட்டியது,
கட்டைவிரல் கத்தரிக்காய் ஆனது.
மூன்றாம் நாள் சுகாதார நிலையத்தின்
கழிப்பறைக்குப் பின்னால்,
யாரும் பெயர் கேட்டிராத புதர் ஒன்றில்
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
எட்டோ ஒன்பதோ ஈக்கள்
காற்றில் ஆணியடித்தாற்போல் நின்றன.

ஒன்று அவளைப் பார்த்து
முன்கால்களைத் தூக்கி ஆட்டியது:
நான் குளவி.

தெரியும், என்றாள்.

ஆண் ஒன்று வேண்டும், முள்ளோடு.
வலை தோளிலேயே கிடந்தது.
ஒரே ஈயைக் கண்ணால் பிடித்து
எத்தனை பூவில் குடிக்கிறது என்று
வீங்கிய விரலால் குறிப்பேட்டில்
கோடு போட்டாள்.
பதினொன்று.
பன்னிரண்டாவது கோடு பாதியில் இருக்க
மழை வந்தது,
பென்சில் கோடு அழியவில்லை,
ஈக்களைத்தான் காணவில்லை.